ஊசி பயம், அறிதுயில் (ஹிப்னாடிசம்) – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 23 வயது. எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். பல்லி, பாம்பு, இருட்டு எதற்கும் அசராதவள். ரத்தப் பரிசோதனை என்றால் மட்டும் ஆள் காலி. லேபில் கையில் ரப்பரைக் கட்டும்போதே வியர்த்து, முகம் வெளுத்து, நாற்காலியிலிருந்து சரிந்துவிடுவாள். பத்து வயதிலிருந்து மூன்று முறை விழுந்திருக்கிறாள். கடைசி முறை மேஜை விளிம்பு பட்டு நெற்றி கிழிந்து, அதற்குத் தையல் போட நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. வேறு எப்போதும் மயங்கியதில்லை. என் கணவரும் அப்படித்தான். 54 வயது ஆகிறது, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் பத்து வருஷமாகக் கையை நீட்ட மாட்டேன் என்கிறார். ஆனால் மகளிடம், "மனசு திடமா இருந்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்று உபதேசம்.

அவளுக்கு வரன் பார்க்கிறோம். நாளைக்குப் பிரசவம் என்று வந்தால் எத்தனை ஊசி! தெரிந்தவர் மூலம் ஒரு ஹிப்னோதெரபிஸ்டைப் பார்த்தோம். மூன்று சிட்டிங், 15,000 ரூபாய். உடம்பை முழுக்கத் தளர்த்திவிட்டால் பயம் தானாக விலகும் என்கிறார். முற்பிறவியில் கூரான ஆயுதம் பட்டு இறந்திருக்கலாம், அதையும் பார்த்துவிடலாமாம். அவர் உற்றுப் பார்த்தாலே ஆட்கள் தூங்கிவிடுவார்கள் என்று பேச்சு. கூட்டிப்போகலாமா? அந்த அரைத்தூக்கத்தில் அவள் வாயிலிருந்து எதையாவது வரவழைத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

எஸ்., கும்பகோணம்

---

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் "உடம்பை முழுக்கத் தளர்த்திவிட்டால்" என்ற இடத்தைத்தான் இரண்டாவது முறை படித்தேன். லிஃப்டுக்கோ நாய்க்கோ உயரத்துக்கோ பயப்படுகிறவருக்கு இதைச் சொல்லியிருந்தால் தவறில்லை. உங்கள் மகளுக்கு இது நேர் எதிரான வைத்தியம்.

நாயைக் கண்டு நடுங்குகிறவருக்கு நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் ஓடத் தயாராகும். அவர் 'மயக்கமே வருது' என்று சொல்லலாம், ஆனால் விழுவது மிக அபூர்வம். அழுத்தம் ஏறி நிற்கும்போது மயக்கம் எப்படி வரும்? ரத்தம், காயம், ஊசி சார்ந்த பயத்தில் மட்டும் உடம்பு இரண்டு கட்டமாக நடந்துகொள்கிறது. முதலில் எல்லோரையும் போலத் துடிப்பும் அழுத்தமும் ஏறும். சில நொடிகளில், சிலருக்குச் சில நிமிடங்களில், வேகஸ் என்ற நரம்பு குறுக்கிட்டு இதயத் துடிப்பைக் குறைக்கும். கால் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கீழே தங்கிவிடும். மூளைக்குப் போவது குறைந்ததும் கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காது அடைப்பு, கண் இருட்டு, பிறகு சரிவு. நீங்கள் எழுதிய வியர்வையும் வெளுப்பும் இந்த இரண்டாவது கட்டம்தான். இப்படி இறங்குகிற அழுத்தத்தை, 'தளர்ந்து போ, இறகுபோல் மிதக்கிறாய்' என்று சொல்லி இன்னும் இறக்கினால் அவள் சீக்கிரம்தான் விழுவாள்.

மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பயங்களிலேயே குடும்பத்தில் அதிகம் தொடர்வது இந்த வகைதான். மகள் பயந்தாங்கொள்ளி என்றால் அந்தச் சொத்து யார் வழியில் வந்தது என்று அவருக்கே தெரியும்.

இதற்கான பயிற்சியை ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980-களில் ஒழுங்குபடுத்திச் சோதித்தார். 1987-ல் வெளியான அந்த முறை எளிமையானது. நாற்காலியில் உட்கார்ந்து தொடை, கெண்டைக்கால், வயிறு, கைகள் எல்லாவற்றையும் ஒருசேர இறுக்க வேண்டும். 10 முதல் 15 நொடி, முகத்தில் சூடு ஏறுவது தெரிகிறவரை. பிறகு 20 முதல் 30 நொடி விட்டுவிட வேண்டும். இப்படி ஐந்து தடவை செய்தால் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். காசு செலவில்லை என்பதாலோ என்னவோ இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

செய்கிறவர்கள் தவறுவது மூன்று இடங்களில். ஒன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்குவது. மூச்சை அடக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், பலன் போய்விடும். அதனால் இறுக்கும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானாக ஓடும். இரண்டாவது, விடும்போது தொளதொளவென்று முழுக்கத் தளர்ந்துவிடுவது. இயல்பாக உட்கார்ந்திருக்கிற அளவுக்குத் திரும்பினால் போதும். மூன்றாவது, ஊசி போகிற கையையும் சேர்த்து இறுக்குவது. அது வலியைத்தான் கூட்டும். வீட்டுப் பயிற்சியிலேயே இடது கையை மடியில் சும்மா வைத்துவிட்டு மற்றதை இறுக்கிப் பழகட்டும். கூடவே, 'ஆழமா மூச்சு விடு, ஆழமா விடு' என்று பக்கத்தில் நின்று யாரும் விரட்ட வேண்டாம். வேக வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, தலைசுற்றல் கூடும்.

இது மயக்கத்துக்கு. பயம் தனி விஷயம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. பயம் வளர்வதற்கான உரம் தப்பித்தல். லேப் வாசல் வரை போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மனத்துக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. 'தப்பித்ததால் பிழைத்தேன்' என்று அது குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் ஒரு படி கூடும். உங்கள் கணவரின் பத்து வருஷம் இப்படித்தான் சேர்ந்தது.

அதை அவிழ்க்கப் படிப்படியாக நெருங்க வேண்டும். மகளையே ஒரு தாளில் பத்துப் படி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண் போடட்டும். சிரிஞ்ச் படம் பார்ப்பது 20 ஆக இருக்கலாம். மருந்துக் கடையில் வாங்கிய உறை பிரிக்காத சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பது 35. ஸ்பிரிட் பஞ்சால் முழங்கை மடிப்பைத் துடைப்பது 45, ரத்தம் எடுக்கும் வீடியோ 50, கையில் ரப்பர் கட்டி ரத்தக் குழாய் புடைப்பதைப் பார்ப்பது 60, லேபில் போய்ச் சும்மா பத்து நிமிடம் உட்காருவது 65. பிறகு விரல் நுனியில் குத்துவது, படுத்தபடி ரத்தம் கொடுப்பது, கடைசியாக உட்கார்ந்து கொடுப்பது. எண்கள் அவளுடையதாக இருக்க வேண்டும். உங்களுக்கு அற்பமாகத் தெரிகிற ரப்பர் அவளுக்கு ஊசியைவிடப் பெரிதாக இருக்கலாம், அவள் சரிவதே அந்த இடத்தில்தானே.

ஒரு படியில் மதிப்பெண் பாதியாகக் குறைகிறவரை அங்கேயே நிற்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால் அது இன்னொரு தப்பித்தலாகிவிடும். கொட்டாவியோ காது அடைப்போ தொடங்கினால் உடனே இறுக்கும் பயிற்சி. அதற்கும் அடங்காவிட்டால் படுத்துக் காலை உயர்த்திக்கொண்டு, தெளிந்ததும் அதே படிக்குத் திரும்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு படி தாண்டினாலும் போதும். ஒரே அமர்வில் மூன்று மணி நேரம்வரை உட்கார்த்தி இந்தப் படிகளை ஏற்றும் முறையையும் ஓஸ்ட் 1989-ல் வெளியிட்டார். அதைப் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அப்படியானால் ஹிப்னாடிசத்துக்கு இங்கே இடமே இல்லையா? இருக்கிறது, துணைக்கு. பயத்துக்கான சிகிச்சைகளில் வலுவான ஆதாரம் படிப்படியாக எதிர்கொள்வதற்குத்தான். ஹிப்னாடிசம் அந்த வேலையைச் சுலபமாக்கலாம்.

நம்மூரில் இதற்கு மனவசியம் என்று பெயர் வைத்ததிலேயே பாதிக் குழப்பம். வசியம் என்றதும் மையும் தாயத்தும் ஞாபகம் வருகிறது. பாற்கடலில் பள்ளிகொண்டவருக்குச் சொல்கிற அறிதுயில் என்ற சொல் எவ்வளவோ மேல். உறக்கம் போலத் தோன்றும், அறிவு விழித்திருக்கும். கூர்ந்து குவிந்த கவனம், அவ்வளவுதான். பார்வையால் தூங்கவைக்கிறவர்கள் கதையெல்லாம் பழசு. கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் 1813-லேயே பாரிஸில், சக்தி செய்கிறவரிடம் இல்லை, உட்படுகிறவர் மனத்தில்தான் இருக்கிறது என்று செய்துகாட்டினார். ஹிப்னாடிசம் என்ற பெயர் பரவக் காரணமான ஜேம்ஸ் பிரெய்டு, மான்செஸ்டரில் அறுவை மருத்துவர். கண்ணிலிருந்து எட்டு முதல் பதினைந்து அங்குல தூரத்தில், நெற்றிக்குச் சற்று மேலே, பளபளப்பான ஒரு பொருளைப் பிடித்து அதையே பார்க்கச் சொல்வார். வழக்கமாக அவர் கையில் இருந்தது அறுவைக் கத்தி வைக்கும் டப்பி. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது!

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்த நிலையில் இருப்பவருக்குத் தெருவில் போகிற ஸ்கூட்டர் சத்தம்கூடக் கேட்கும். வேண்டாம் என்று தோன்றினால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். சொல்ல விரும்பாததைச் சொல்லவைக்க முடியாது, பொய்கூடச் சொல்லலாம். முதல் அமர்வில் நீங்கள் அதே அறையில் இருக்கலாமா என்று கேளுங்கள். காரணம் சொல்லாமல் மறுக்கிற இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஒரு நல்ல அமர்வு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஓடும். முதல் பகுதி வெறும் பேச்சு. எப்போது தொடங்கியது, எந்தக் கட்டத்தில் சரிகிறாள், வேறு நோய் உண்டா என்பதெல்லாம் அங்கே வர வேண்டும். பிறகு ஒரு புள்ளியைப் பார்க்கவைத்துக் கவனத்தைக் குவிக்கப் பத்து நிமிடம் ஆகலாம். அதற்கப்புறம் லேபைக் கற்பனையில் நடக்கவைப்பது. அவள் எழுதிய அதே படிகள், கண்ணை மூடியபடி. தெரபிஸ்ட் சொல்லும் வாக்கியம் இங்கேதான் முக்கியம். 'ஊசியைப் பார்க்கிறாய், உடல் தளர்கிறது' என்பது உங்கள் மகளுக்குத் தவறான வாக்கியம். 'ஸ்பிரிட் வாசனை வருகிறது, தொடை இறுகுகிறது, முகம் சூடாகிறது, கை மட்டும் சும்மா கிடக்கிறது' என்பது சரியான வாக்கியம். இதுவரை அவளைச் சாய்த்த வாசனையே இனி இறுக்குவதற்கான சைகையாகிவிடும். வலிக்காகக் கையுறை மரப்பு என்று ஒன்று செய்வார்கள். கையை ஐஸ் தண்ணீரில் முக்கியதாகக் கற்பனை செய்து, மரத்த உணர்வை முழங்கை மடிப்புக்குக் கொண்டுபோவது. குழந்தைகளுக்கு ஊசி போடும்போது வலியும் பதற்றமும் குறைய ஹிப்னாடிசம் உதவுவதாக, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வும் சொல்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் பிடிக்காது. பத்துப் பேரில் ஒருவருக்கு மிக நன்றாகப் பிடிக்கும், ஏறக்குறைய அதே அளவு பேருக்குப் பிடிக்கவே பிடிக்காது, மற்றவர்கள் நடுவில். மூன்றே சிட்டிங்கில் தீர்த்துவிடுவேன் என்று ஆளைப் பார்ப்பதற்கு முன்பே ஒருவர் எப்படிச் சொல்கிறார்?

முற்பிறவி விவகாரத்துக்கு ஒரே பதில், வேண்டாம். குவிந்த கவனத்தில் இருப்பவரிடம் 'ஈட்டி தெரிகிறதா?' என்று கேட்டால் ஈட்டி தெரியும். அது நினைவாகவே மனத்தில் பதிந்துவிடும். ஏற்கெனவே ஊசிக்குப் பயப்படுகிறவளுக்கு ஒரு ஈட்டியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவானேன்?

யாரிடம் போவது? ஹிப்னோதெரபிஸ்ட் என்ற பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம். மனநல மருத்துவரா, அல்லது இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுசெய்த மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். பதிவு எண் கேட்டால் கோபப்படாதவராக இருக்க வேண்டும். உங்களுக்குப் பக்கம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். போகிறவரிடம், 'இவளுக்கு மயக்கம் வரும், இறுக்கும் பயிற்சி சொல்லித்தருவீர்களா?' என்று கேளுங்கள். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றால் வேறு இடம். வலிப்பு உள்ளவர்களும், காதில் குரல் கேட்பது போன்ற தொந்தரவு உள்ளவர்களும் மனநல மருத்துவர் பார்க்காமல் அறிதுயிலுக்கு உட்காரக் கூடாது. மகள் ஊசி இல்லாத நேரத்தில் எப்போதாவது மயங்கினால் அதை இந்தக் கணக்கில் எழுதாமல் இதயப் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பமான பிறகு இந்தப் பயிற்சி என்றால் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும். அதற்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம்.

ரத்தம் கொடுக்கும் நாளில் வெறும் வயிறு தேவையில்லாத பரிசோதனையென்றால் சாப்பிட்டுவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். உள்ளே நுழைந்ததும், 'எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொண்டு தருகிறேன்' என்று அவளே சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பேச வேண்டாம். குத்துகிற வலியும் பெரிய தடையென்றால் லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் 2.5 சதவீதம் கலந்த மரப்புக் களிம்பு இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு, ஒரு மணி நேரம் முன்பே தடவி மேலே மூடி வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் முன்பு தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். எடுத்து முடித்ததும் உடனே எழ வேண்டாம், பத்து நிமிடம் படுத்திருந்து, இரண்டு தடவை இறுக்கிவிட்டு உட்காரட்டும்.

உங்கள் கணவரையும் இதே பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். அவருடைய ஏணியின் உச்சிக்குச் சற்றுக் கீழே, விரல் நுனியில் குத்தும் படிக்கு, ஒரு குளுக்கோமீட்டரை வையுங்கள். படியும் தாண்டினதாகும், சர்க்கரையும் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் 54 வயதில் இறுக்கத் தொடங்குமுன் ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். அழுத்தம் ஏறிக் கிடப்பவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அழுத்தம் பார்க்க ஊசி கிடையாது, கையில் ஒரு பட்டை கட்டி இறுக்குவார்கள். அந்த இறுக்கம் லேப் ரப்பரைப் போலவே இருக்கும். மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கும் ஒரு தடவை கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.