வாசகர் கேள்வி – பதில்: தோற்ற ஆட்டத்தை எழுதி வையுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எங்கள் குடியிருப்பில் உள்ள நண்பர்களுடன் போகிமான் கார்டு விளையாடினால் பெரும்பாலும் அவன்தான் ஜெயிப்பான். சென்ற மாதம் ஒரு கடையில் நடந்த உள்ளூர்ப் போட்டிக்கு அழைத்துப் போனேன். நான்கு சுற்றுகளில் மூன்றில் தோற்றுவிட்டு, "எனக்குக் கார்டே வரவில்லை, எல்லாம் அதிர்ஷ்டம்தான்" என்கிறான். விலை உயர்ந்த கார்டுகளை வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கிறான். என் மாமியாரோ பிள்ளைக்குச் சீட்டாட்டம் பழக்குகிறாயா என்று கோபிக்கிறார். இதில் கற்றுக்கொள்ள என்னதான் இருக்கிறது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அம்மா, உங்கள் மாமியாரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சீட்டால் கெட்ட குடும்பங்களைப் பார்த்த தலைமுறை அது. ஆனால் இந்தப் போட்டிகளில் ஆட்டத்தின் மீது யாரும் பணம் கட்டுவதில்லை. நுழைவுக் கட்டணம் செலுத்திச் சுற்றுகள் ஆடுகிறார்கள், பரிசாகப் பெரும்பாலும் கார்டு பாக்கெட்டுகளையே பெறுகிறார்கள். அவர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பூஸ்டர் பாக்கெட்டை, அரிய கார்டு கிடைக்கும் என்ற ஆசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக்கொண்டே போகும் பழக்கத்துக்கு நீங்கள் கட்டாயம் எல்லை வகுக்க வேண்டும். டெக்குக்கு, அதாவது ஆடுவதற்காக ஒருவர் அமைத்துக் கொண்டுவரும் கார்டுக் கட்டுக்கு, தேவையான கார்டு எது என்று தெரிந்த பிறகு அதை மட்டும் தனியாக வாங்குவதே சிக்கனம். ஃபேன்சி ஸ்டோர்களில் மலிவாகக் கிடைக்கும் தங்க நிறக் கார்டுகள் பெரும்பாலும் போலிகள். முறையான போட்டியில் அவற்றை அனுமதிக்க மாட்டார்கள்.

இனி அதிர்ஷ்டத்துக்கு வருவோம். உங்கள் மகன் சொல்வது பாதி உண்மை. போகிமான் டெக்கில் 60 கார்டுகள். போகிமான் தாக்குவதற்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டுகளைத் தவிர, ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. நான்கையும் வைத்தாலும், முதலில் எடுக்கும் 7 கார்டுகளில் அவற்றில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 40 சதவீதம்தான். ஆகவே ஐந்து ஆட்டங்களுக்கு மூன்றில் அது தொடக்கத்தில் கைக்கு வராது என்பதை எதிர்பார்த்தே டெக் அமைக்க வேண்டும். அது வரும் என்று நம்பி அமைத்துவிட்டு, வராதபோது அதிர்ஷ்டத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

மற்ற பாதியைக் காட்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆட்டம் தொடங்கும்போது 6 கார்டுகளைக் கவிழ்த்து ப்ரைஸ் கார்டுகளாக ஒதுக்கி வைப்பார்கள்; எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது பரிசாக எடுத்துக்கொள்ள வேண்டியவை அவை. டெக்கில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் கார்டு, பத்து ஆட்டங்களில் ஒன்றில் அந்த ஆறுக்குள் மாட்டிக்கொள்ளும். அனுபவமுள்ள ஆட்டக்காரர், டெக்கில் தேடும் வாய்ப்பு முதன்முறை கிடைத்தவுடன் கார்டுகளை விசிறிபோல் விரித்து, எது எது இல்லை என்று பார்த்து, ப்ரைஸில் என்ன சிக்கியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு மனத்தில் குறித்துக்கொண்ட பிறகே தனக்கு வேண்டியதை எடுப்பார். புதிதாக ஆடும் பிள்ளை வேண்டிய கார்டை மட்டும் உருவிக்கொண்டு டெக்கைக் கலைத்துவிடும்; ப்ரைஸில் கிடக்கும் கார்டு வரும் என்று நம்பி நான்கைந்து முறை திட்டம் போட்டுத் தோற்கும். இருவருக்கும் கார்டு வரவில்லை என்பது பொது. ஆனால் ஒருவர் வேறு வழியில் ஆட்டத்தைத் திருப்பிவிட்டார், மற்றவர் காத்திருந்தே தோற்றார். இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண்பதற்குத்தான் போட்டிக்குப் போக வேண்டும். வீட்டில் நண்பர்களின் டெக் மனப்பாடம், தவறாக வைத்த கார்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். போட்டியில் எதிரே அமர்பவர் முன்பின் தெரியாதவர், வைத்த கார்டு வைத்ததுதான்.

செஸ் கற்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர் நம்முடையது. அவர்கள் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதுவதையும், ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு உட்கார்ந்து எங்கே தவறியது என்று ஆராய்வதையும் பார்த்திருப்பீர்கள். கார்டு விளையாட்டில் அந்தப் பழக்கம் இன்னும் அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் செஸ்ஸில் தவறான நகர்த்தலுக்குத் தண்டனை அநேகமாக உடனே வந்துவிடும். இங்கே சரியான முடிவெடுத்தும் தோற்கலாம், தவறான முடிவெடுத்தும் ஜெயிக்கலாம். முடிவையும் விளைவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளை, ஜெயித்த ஆட்டத்திலிருந்து தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்துவிடும். ஆகவே ஒரு சிறிய நோட்டை வாங்கிக் கொடுங்கள். சுற்று முடிந்தவுடன் எதிராளி ஆடிய டெக், முதலில் ஆடியது யார், தொடக்கத்தில் தன் கைக்கு வந்த கார்டுகள், இரண்டு வழிகள் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த ஒரு தருணம் ஆகியவற்றை அவன் எழுதட்டும். மாலையில் நீங்கள் கேட்க வேண்டியது, அப்போது தெரிந்திருந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் மறுபடியும் அதையே செய்வாயா என்ற ஒரு கேள்விதான். விளையாட்டின் விதிகள் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் உங்களுக்கு விளக்கும்போதே பாதி விளங்கிவிடும்.

விலை உயர்ந்த கார்டு பற்றிய பேச்சை மூன்று நான்கு போட்டிகளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் டெக்கை மாற்றினால், தோற்றது டெக்கா ஆடியவரா என்பது ஒருநாளும் தெரியாது.

கேள்வி: நான் மேஜிக் என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறேன். வார இறுதிப் போட்டிகளில் நான்கு சுற்றுகளில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி என்றே நிற்கிறேன். வீட்டில் நிறையப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லை. எதை மாற்ற வேண்டும்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, முதலில் போட்டியின் அமைப்பைப் பாருங்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் 11 சுற்றுகளாக நடந்தது நினைவிருக்கும். அங்கே பின்பற்றிய ஸ்விஸ் முறைதான் இங்கேயும். ஏறத்தாழ ஒரே புள்ளிகள் எடுத்தவர்களை அடுத்த சுற்றில் மோத விடுவார்கள். 16 பேர் ஆடும் நான்கு சுற்றுப் போட்டியில், டிரா எதுவும் இல்லையென்றால், நான்கையும் ஜெயிப்பவர் ஒருவர்தான். இரண்டுக்கு இரண்டு என்று முடிப்பவர்கள் ஆறு பேர். நீங்கள் இருக்கும் இடமே மிகுந்த கூட்டமுள்ள இடம். ஜெயிக்க ஜெயிக்க எதிராளி கடினமானவராக வருவார் என்பதால், எந்தச் சுற்றுகளில் தோற்கிறீர்கள் என்று பாருங்கள். முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு அடுத்த இரண்டில் தோற்பவருக்கும், முதல் இரண்டில் தோற்றுப் பின்னர் ஜெயிப்பவருக்கும் புள்ளி ஒன்றே, ஆனால் தரம் வேறு. எதிராளிகளின் வெற்றி விகிதத்தை வைத்துச் சமநிலையைப் பிரிக்கும்போது, பெரும்பாலும் முன்னவருக்கே மேலான இடம் கிடைப்பதும் அதனால்தான்.

பயிற்சியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டின் படைப்பாக 1993-இல் வெளியான இந்த விளையாட்டில், சொந்த டெக் கொண்டுவந்து ஆடும் போட்டிகள் பொதுவாக மூன்றில் இரண்டு வென்றால் சுற்று உங்களுக்கு என்ற முறையில் நடக்கின்றன. முதல் ஆட்டம் முடிந்ததும் டெக்குக்கு வெளியே தனியாக வைத்திருக்கும், 15 கார்டுகள் வரை கொண்ட சைடுபோர்டிலிருந்து கார்டுகளை மாற்றிக்கொள்ளலாம். அதாவது போட்டியில் நீங்கள் ஆடும் ஆட்டங்களில் குறைந்தது பாதி, இருவருமே டெக்கை மாற்றிய பிறகு நடப்பவை. வீட்டிலோ பெரும்பாலானோர் முதல் ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிப் பழகுகிறார்கள். எந்த எதிராளிக்கு எதை எடுத்து எதை வைப்பது என்று வீட்டிலேயே எழுதிப் பார்த்து, மாற்றிய டெக்கோடு பழகுங்கள். சுற்று முடிந்து கைகுலுக்கும்போது, "என் டெக்கில் எந்தக் கார்டுக்காகப் பயந்து ஆடினீர்கள்?" என்று எதிராளியைக் கேளுங்கள். மனமுவந்து சொல்வார்கள், உங்கள் டெக்கில் பெரிதாக நினைத்த கார்டுகளை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை என்பதும் சில வேளைகளில் தெரியவரும்.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. போகிமான் போட்டியில் அவள் ஆடும்போது பின்னால் நின்று பார்க்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். வெளியிலிருந்து சொல்லித் தருவது விதிமீறல். நீங்கள் முகம் சுளித்தால்கூட அவள் கார்டை மாற்றி வைப்பாள், தண்டனையும் அவளுக்குத்தான் வரும். வயதுப் பிரிவுகள் உண்டு என்றாலும், ஆட்கள் குறைவான உள்ளூர்ப் போட்டிகளில் எல்லோரையும் சேர்த்தே ஆட விடுவதுண்டு என்பதால், பெரியவர் ஒருவர் எதிரே அமரக்கூடும் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி வையுங்கள். சந்தேகம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திக் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட அவளுக்கு உரிமை உண்டு. அதை வீட்டிலேயே ஒரு முறை செய்து பழகச் சொல்லுங்கள்.