தறிக்கூடம், தென்னந்தோப்பு, ஆடிக் காற்று: மாணவர்களின் கேமரா கேள்விகள்

சோமனூரில் எங்கள் தறிக்கூடத்திலேயே குறும்படம் எடுத்தோம். காட்சி முழுக்கக் கருப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. கேமரா பழுதுங்களா?

பழுதில்லை தம்பி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்துதான் எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் அதை வரி வரியாகப் படிப்பதால் சில வரிகளில் வெளிச்சம் விழும், சில வரிகளில் குறையும். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி என்று வையுங்கள், 1/100-ம் சரிதான். செல்போன் என்றால் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரைப் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அது தன் இஷ்டத்துக்கு மாற்றும்.

தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை ஸ்லோமோஷனில் எடுக்க ஆசை வரும். அதற்கு ஷட்டர் இன்னும் வேகமாக வேண்டும், பட்டைகள் திரும்ப வரும்; அதனால் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கதவையும் ஜன்னலையும் திறந்து பகல் வெளிச்சத்தில் எடுங்கள். என்னைக் கேட்டால் மற்ற காட்சிகளுக்கும் அதுதான் அழகு. வாசல் வெளிச்சத்துக்கு எதிரே கேமராவை வைத்தால் காற்றில் மிதக்கும் பஞ்சுகூடத் தெரியும். அந்தப் பஞ்சு லென்ஸிலும் ஒட்டும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், ஊதுபந்தால் ஊதிவிடுங்கள்.

தறி ஓடும்போது தரையே அதிரும். ட்ரைபாட் கால்களுக்கு அடியில் மடித்த சாக்கு போடுங்கள், அல்லது வாசலுக்கு வெளியே நின்று ஜூம் செய்யுங்கள். வசனம் இருந்தால் தறியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பொள்ளாச்சி தோப்பில் எடுத்தோம். நடிகர் முகமெல்லாம் வெயில் திட்டுத் திட்டாக விழுகிறது.

உச்சி வெயிலில் எடுத்திருப்பீர்கள். காலை 9 மணிக்குள், அல்லது மாலை 4 மணிக்கு மேல் வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள், வெயில் மெத்தென்று இறங்கும். முகத்தில் நிழல் விழும் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை பிடித்தால் கண்ணுக்கு உயிர் வரும். வேட்டி ஃப்ரேமுக்குள் வராதபடி ஷாட்டை நெருக்கமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் வெயில் அடிக்கும் வயல் இருந்தால் முகம் கருத்துவிடும். மர நிழல் பின்னணியாக வரும்படி நடிகரைத் திருப்பி நிறுத்துங்கள்.

ஈரோட்டில் மஞ்சள் குவியலை எடுத்தால் நிறம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறது.

ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, ஆட்டோவில் இருக்கிறது. ஃப்ரேம் முழுக்க மஞ்சள் வந்ததும் கேமரா அதைக் குறைக்கப் பார்க்கும். வெயிலில் 5500 கெல்வினில் நிறுத்திவிட்டு, அந்தக் காட்சி முடியும்வரை தொடாதீர்கள்.

உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் ட்ரைபாட் நிற்கவே மாட்டேன் என்கிறது. கேமரா ஆடாமல் கையில் பிடிக்கும் கிம்பல் வாங்கலாமா?

வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று கிம்பலையும் தள்ளும். ட்ரைபாட்டின் நடுத்தண்டை ஏற்றாதீர்கள், கால்களை அகலமாக விரியுங்கள், மணல் நிரப்பிய பையை நடுவில் தொங்கவிடுங்கள். பை தரையை லேசாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஆடும். அப்புறம், கிம்பலுக்கு எடுத்துவைத்த காசில் நல்ல மைக் வாடகைக்கு எடுங்கள்.

சூலூர்ப் பக்கம் ட்ரோன் ஷாட் எடுக்கலாமா?

அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி இப்படிப்பட்ட தடை வான்பகுதியான சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 250 கிராமுக்குள் இருக்கும் நானோ ட்ரோனுக்குப் பைலட் சான்றிதழ்தான் வேண்டாமே தவிர, இந்தத் தடை அதற்கும் உண்டு. எங்கே போனாலும் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாணவர் படங்களில் பாதி ட்ரோனில்தான் தொடங்குகின்றன, எனக்குச் சலித்துவிட்டது. ஊரைக் காட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு மொட்டை மாடி போதும்.