மக்காச்சோளத்துக்குப் பதிலாக நொய், தவிடு, கம்பு: கறிக்கோழித் தீவனத்தில் எது, எவ்வளவு?

கேள்வி: கணியம்பாடி பக்கம் 2,000 கறிக்கோழி வளர்க்கிறேன். கம்பெனி ஒப்பந்தம் கிடையாது, தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். மக்காச்சோளம் விலை கட்டுப்படியாகவில்லை. ஆரணி ரைஸ் மில்களில் நொய்யும் தவிடும் சல்லிசாகக் கிடைக்கின்றன. மக்காச்சோளத்தைக் குறைத்து இவற்றைப் போடலாமா?

பதில்: நொய்யைத் தைரியமாகப் போடலாம். தவிட்டை மட்டும் யோசித்துப் போடுங்கள். கிலோ விலையைப் பார்த்து வாங்கினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கோழிக்கு நாம் வாங்கித் தருவது எரிசக்தி. ஒரு கிலோவில் அது எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 3,300 கிலோ கலோரி கோழிக்குக் கிடைக்கிறது. எண்ணெய் எடுத்த தவிட்டில் 1,900 முதல் 2,000 வரைதான் வரும். ஒரு பேச்சுக்கு மக்காச்சோளம் 24 ரூபாய், இந்தத் தவிடு 16 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ கலோரிக்கு மக்காச்சோளத்தில் சுமார் 7 ரூபாய் 30 காசு ஆகிறது, தவிட்டில் 8 ரூபாயைத் தாண்டுகிறது. அதாவது மலிவாகத் தெரிந்த தவிடுதான் இங்கே விலை அதிகம். அதோடு போகவில்லை. 100 கிலோ கலவையில் 20 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டால், தீவனத்தில் கிலோவுக்கு 260 முதல் 280 கிலோ கலோரி வரை சரிந்துவிடும். அதை ஈடுகட்டச் சுமார் 3 கிலோ எண்ணெய் ஊற்ற வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி கடைசிக் கட்டத் தீவனத்தில் கிலோவுக்கு 3,200 கிலோ கலோரி இருக்க வேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் போட்டாலே அந்த அளவு எட்டாது என்பதால்தான் எண்ணெய் சேர்க்கிறோம். அதில் இன்னும் பள்ளம் வெட்டிக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய் எடுக்காத தவிடு, அதாவது மில்லில் பாலிஷ் செய்யும்போது வரும் மெல்லிய தவிடு, வேறு சரக்கு. அதில் 12 முதல் 14 சதவீதம் வரை கொழுப்பு இருப்பதால் 2,900 கிலோ கலோரியை ஒட்டிக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பச்சரிசித் தவிடு மில்லை விட்டு வெளியே வந்ததுமே காறத் தொடங்கிவிடும். நெல்லிலேயே இருக்கும் ஒரு நொதி அந்தக் கொழுப்பை உடைத்துக்கொண்டே இருக்கும். புழுங்கல் நெல்லை அவிக்கும்போது இந்த நொதி செயலிழந்துவிடுவதால் அந்தத் தவிடு கூடுதல் நாள் தாங்கும். ஆகவே மில்லில் புழுங்கல் தவிடாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத் தேவைக்கு மேல் அடுக்கி வைக்காதீர்கள்.

வாங்கும் இடத்திலேயே ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல தவிடு உருண்டையாக நிற்கும், விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். உமி கலந்தது பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் தூவினால் உமி மேலே மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடி அடித்தால் எந்த விலைக்கும் வேண்டாம். நல்ல தவிடாகவே இருந்தாலும் குஞ்சுத் தீவனத்தில் 5 சதவீதம், மூன்று வாரத்துக்குப் பிறகு 10 சதவீதம், அதற்கு மேல் போக வேண்டாம். நார் கூடுதல், மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பகுதி கோழியால் எடுக்க முடியாத வடிவில் இருக்கிறது. ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் அதில் ஒரு பங்கு விடுபடும்.

இனி நொய். எரிசக்தியில் மக்காச்சோளத்தை ஒட்டி வரும், புரதம் 8 சதவீதம் அளவில் இருக்கிறது, நார் மிகக் குறைவு. மக்காச்சோளத்தில் பாதியை எடுத்துவிட்டு நொய் போட்டாலும் வளர்ச்சி குறையாது. கொழுப்பு மட்டும் நொய்யில் குறைவு என்பதால் 100 கிலோவுக்கு அரைக் கிலோ எண்ணெய் கூட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறமி நொய்யில் அறவே இல்லை, அதனால் முழுக்க நொய்க்கு மாறினால் தோலும் காலும் வெளுத்துவிடும். தோலோடு வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து நோய்க் கோழி என்று நினைத்துவிடுவார்கள். பாதி மக்காச்சோளம் இருந்தால் ஓரளவு நிறம் நிற்கும். பிரியாணிக் கடைக்குத் தோல் உரித்துப் போகிற கோழி என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

நொய்யில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நாலைந்து மணியைப் பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். மசிந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை வரும். மக்காச்சோளமோ நொய்யோ, பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சு 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது. மழைக்கால மூட்டைகளில் இதுதான் என் முதல் பயம்.

கம்பு கிடைத்தால் அதுவும் நல்லது. மக்காச்சோளத்தைவிடப் புரதம் அதிகம், எரிசக்தி கொஞ்சம் குறைவு. மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றலாம். மணி சிறியது, அரைபடாமல் நழுவும், சல்லடையைக் கவனியுங்கள். சோளத்தில் வெள்ளை ரகம் சரி. செஞ்சோளத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் புரதச் செரிமானம் கெடும், ஒதுக்கிவிடுங்கள். கேழ்வரகு 10 சதவீதம் போதும். ஜவ்வாது மலைச் சாமை இப்போது விற்கிற விலைக்கு மனிதர்கள் சாப்பிடட்டும். மரவள்ளியை நன்றாகக் காயவைத்த மாவாக 10 சதவீதம் வரை போடலாம், ஆனால் புரதம் 2, 3 சதவீதம்தான் என்பதால் சோயாவைக் கூட்ட வேண்டிவரும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு 2 சதவீதத்தைத் தாண்டினால் எச்சம் இளகி, தரை ஈரமாகும்.

கோடையில் ஒரு விஷயம். வேலூர் வெயிலில் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். எண்ணெயில் வரும் எரிசக்தி செரிக்கும்போது உடம்பில் சூடு குறைவாக உண்டாகும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் தவிட்டைக் குறைத்து எண்ணெயை ஒன்று, ஒன்றரை சதவீதம் கூட்டுங்கள். விடியற்காலையிலேயே தீவனம் வைத்துவிடுங்கள்.

மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் நாலைந்து நாளில் படிப்படியாகக் கலவையைக் கூட்டுங்கள். முதல் பத்து நாள் குஞ்சுகளிடம் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். அப்புறம், 100 கோழியைத் தனியாகத் தடுத்துப் புதுக் கலவையைக் கொடுத்து, வாரம் ஒரு முறை எடை போட்டு, தின்ற தீவனத்தை ஏறிய எடையால் வகுத்துப் பாருங்கள். பழைய கலவையைவிட அந்த எண் கூடினால், மூட்டைக்கு மிச்சமான பணம் கோழி வயிற்றில் போய்விட்டது என்று பொருள். தவிட்டு மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரித் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பி நார், கொழுப்பு, மணல் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ போதும். ஒரே மூட்டையில் அள்ளாமல் பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.