பணி ஓய்வுக்குப் பிறகு தோட்டக்கலை படிக்க எங்கே சேரலாம்?

பட்டம் இல்லை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது, எங்கே சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம் தமிழிலேயே 6 மாதச் சான்றிதழ் படிப்புகள் நடத்துகிறது. காளான் வளர்ப்பு, மூலிகைப் பயிர்கள், அலங்காரத் தோட்டம் போன்றவை அதில் வருபவை. எல்லாப் படிப்பும் எல்லா முறையும் நடக்காது. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கேட்க வேண்டியது செய்முறை வகுப்பு எத்தனை நாள் என்பது. என்னைக் கேட்டால் கட்டணத்தைவிட இதுதான் முக்கியம். மாஞ்செடியில் ஒட்டுக் கட்டுவதைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் கை பழகாது. வேரோடு நிற்கும் அடிச்செடியான வேர்ச்செடியின் இளந்தண்டைப் பிளந்து, நமக்கு வேண்டிய ரக மரத்திலிருந்து வெட்டிய, அதே பருமனுள்ள ஒட்டுக்குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருக வேண்டும். இரண்டின் பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலமும் ஒரு பக்கமாவது ஒட்டி நிற்க வேண்டும். பிறகு பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். சிறிது விலகினாலும் குச்சி காய்ந்துவிடும். பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டிய வேலை இது.

ஆறு மாதம் நீளம் என்று தோன்றினால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை விசாரியுங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கும். மாடித்தோட்டம் மட்டும் போதும் என்றால் அதுவே தாராளம். நாற்றங்கால் வைத்துச் செடி விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் சான்றிதழ் படிப்புக்குப் போங்கள்.