புது போன் பெட்டியில் பழைய போன்: வழக்கை எங்கே போடுவது?

கேள்வி: ஷாப்பிங் செயலி ஒன்றில் 18,999 ரூபாய்க்குப் புது மொபைல் வாங்கினேன். கார்டில் தவணை. வந்ததோ யாரோ பயன்படுத்திய போன். கேலரியில் முன்பின் தெரியாதவர்களின் படங்கள்! புகார் செய்தால், "ஓடிபி சொல்லி வாங்கிவிட்டீர்கள், மாற்ற முடியாது. நாங்கள் விற்பனையாளர் அல்ல. வழக்கென்றால் பெங்களூருவில்தான்" என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், விருதுநகர்

பதில்: விருதுநகரிலேயே வழக்குப் போடலாம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இடம் தருகிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. செயலியில் நீங்கள் படிக்காமல் தட்டிய (யார்தான் படிக்கிறார்கள்?) நிபந்தனையைக் காட்டி இதைத் தடுக்க முடியாது.

ஓடிபி சொன்னது பெட்டி கைக்கு வந்ததற்குத்தான் அத்தாட்சி. உள்ளே இருந்தது புதுப் போன் என்று அது சொல்லாது. டெலிவரி ஊழியர் முன்னாலேயே திறந்து பார்த்து வாங்கியிருந்தால் மட்டும் வாதம் கொஞ்சம் கடினம்.

"நாங்கள் விற்பனையாளர் அல்ல" என்பது பாதி உண்மை. 2020 மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. எழுதிக் கேட்டால் அவருடைய முகவரியைச் செயலி நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே முதலில் அவருக்கு மின்னஞ்சல். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். வழக்கில் விற்பனையாளர், செயலி நிறுவனம் இரண்டு தரப்பையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

இனி சாட்சியம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள். அந்தப் படங்களை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியிலும் ரசீதிலும் உள்ளதோடு ஒப்பிடுங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் வாரன்டி தொடங்கிய தேதியை எழுதி வாங்குங்கள். நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்பே அது தொடங்கியிருந்தால், அந்த ஒரு தாள் உங்கள் வாதத்தில் பாதியைச் சொல்லிவிடும். சாட் உரையாடல்களை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

5 லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். எங்கள் தொழிலுக்கு ஆகாத பேச்சுதான், ஆனாலும் சொல்கிறேன்: இந்த வழக்கை வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தலாம். போனுக்கான பணத்தோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள். வழக்குப் போடக் காலக்கெடு 2 ஆண்டு.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடன் வங்கியுடையது, சிபில் மதிப்பெண் அடிபடுவது உங்களுக்குத்தான்.