மானியம் கையில் வந்தாயிற்று, இனி கணக்கு முடிக்க வேண்டும்

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் எடுத்த பாலிசிக்கு மாதம் 400 டாலர் மானியம் போக மீதியைத்தான் கட்டினேன். வருமான வரி ரிட்டர்னை இ-ஃபைல் செய்தால் திரும்பி வந்துவிடுகிறது. வருமானத்தில் எதையும் மறைக்கவில்லையே? (ஆஸ்டின்)

ஃபார்ம் 8962 வைத்தீர்களா? அது இல்லையென்றால் திரும்பத்தான் செய்யும். உங்களுக்குக் கிடைத்தது இனாம் இல்லை, முன்பணம். 2025-இல் இவ்வளவு வருமானம் வரும் என்று நீங்கள் சொன்ன உத்தேசத்தை நம்பிக் கொடுத்தார்கள். நிஜமாக வந்ததை வைத்துக் கணக்கு முடிப்பதுதான் 8962.

அதற்கு மார்க்கெட்பிளேஸ் அனுப்பும் 1095-ஏ படிவம் வேண்டும். அதில் மூன்று பத்திகள்: 'ஏ' உங்கள் பிரீமியம், 'பி' உங்கள் பகுதியில் இரண்டாவது மலிவான சில்வர் (நடுத்தர நிலை) பிளானின் பிரீமியம், 'சி' வாங்கிய முன்பணம். பலர் 'ஏ'-யை வைத்துக் கணக்குப் போட்டுக் குழம்புகிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது 'பி'-யில். அது 580 என்று வையுங்கள். வருமானப்படி உங்கள் பங்கு 250 என்றால் கிரெடிட், அதாவது உங்களுக்கு உரிய மானியம், 330 (இது 'ஏ'-யைத் தாண்டக் கூடாது). வாங்கியதோ 400. மாதம் 70 வீதம் ஆண்டுக்கு 840 டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும். வருமானம் உத்தேசத்தைவிடக் குறைந்திருந்தால் இதே கணக்கு ரீஃபண்டாக வரும்.

2025 ரிட்டர்ன் வரை, வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்குக்குள் இருப்பவர்களுக்குத் திருப்பிக் கட்டும் தொகையில் உச்சவரம்பு உண்டு. 2026-ஆம் ஆண்டுக்கு அது கிடையாது. கூடுதலாக வாங்கிய மொத்தத்தையும் வைக்க வேண்டும். ஆகவே நடுவில் வேலை மாறினாலோ சம்பளம் கூடினாலோ உடனே மார்க்கெட்பிளேஸில் போய் வருமானத்தைத் திருத்திவிடுங்கள்.

சென்னை வங்கியில் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்கு) டெபாசிட் இருக்கிறது. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லை. இங்கே எதற்குக் காட்ட வேண்டும்? (எடிசன், நியூ ஜெர்சி)

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். அங்கே வரி இல்லை, சரி. ஆனால் நீங்கள் வரிக் கணக்கில் அமெரிக்கவாசி. உலகத்தில் எங்கே வட்டி வந்தாலும் இங்கே வருமானம்தான். மேலே சொன்ன மானியக் கிரெடிட்டைக் கணக்கிடும்போதும் அது வருமானத்தில் சேரும். இதில் ஒரு சின்னச் சிக்கல்: இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கு இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர். பாஸ்புக்கையோ ஸ்டேட்மெண்டையோ எடுத்து வைத்துக்கொண்டு மாதவாரியாகக் கூட்டுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி விழுந்தால் நான்கே பதிவுகள்தான். டெபாசிட் பெரிய தொகை என்றால், மார்க்கெட்பிளேஸில் வருமானம் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மகளுக்கு 24 வயது. எங்கள் பாலிசியில்தான் இருக்கிறாள், ஆனால் வேலைக்குப் போய்த் தனியாக ரிட்டர்ன் போடுகிறாள். 1095-ஏ ஒன்றுதான் வந்திருக்கிறது.

ஒரே பாலிசி, இரண்டு ரிட்டர்ன். 8962-இன் நான்காம் பகுதி இதற்குத்தான். நீங்களும் மகளும் பேசி ஒரு சதவீதத்தில் பிரித்துக்கொள்ளலாம். மூன்று பத்திகளுக்கும் அதே சதவீதம். ஒத்துவரவில்லை என்றால் தலைக்கணக்கு: பாலிசியில் மூன்று பேர் என்றால் அவளுக்கு மூன்றில் ஒரு பங்கு. யார் கையில் வைத்தால் குடும்பத்துக்கு லாபம் என்று இரண்டு ரிட்டர்னையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். அவள் தனியாக முந்திக்கொண்டு அனுப்பிவிட்டால் அப்புறம் திருத்த ரிட்டர்ன் போட்டு அலைய வேண்டியிருக்கும்.

1095-ஏ-யில் 'பி' பத்தி முழுக்கப் பூஜ்யம். தப்பா?

முன்பணமே வாங்காமல் முழு பிரீமியம் கட்டியவர்களுக்கு இப்படி வருவது உண்டு. ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் ஜிப் கோடும் வயதும் கொடுத்தால் தொகை கிடைக்கும். மாநிலம் தானே மார்க்கெட்பிளேஸ் நடத்தினால் அங்கே கேளுங்கள்.

நானும் கணவரும் தனித்தனியாக ரிட்டர்ன் போட்டால்?

பொதுவாகக் கிரெடிட் கிடையாது. குடும்ப வன்முறை, கைவிடப்பட்ட நிலை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.