அறையைக் காலி செய்த பின் வந்த துப்புரவுக் கட்டணம்: எதை ஏற்பது, எதை மறுப்பது?

கேள்வி: நானும் மனைவியும் எங்கள் நான்கு வயது மகளும் ஓர் ஓட்டலில் மூன்று இரவுகள் தங்கினோம். கடைசி இரவில் மகளுக்குக் கொடுத்த இருமல் மருந்து படுக்கை விரிப்பில் சிந்திவிட்டது. மறுநாள் காலை கணக்கு முடித்து, பாக்கி எதுவும் இல்லை என்ற ரசீதுடன் கிளம்பினோம். சில நாட்கள் கழித்து என் கிரெடிட் கார்டிலிருந்து ஓட்டல் மேலும் ஒரு தொகையை எடுத்திருந்தது. அது ஓர் இரவு வாடகையைவிட அதிகம். விளக்கம் கேட்டதற்கு, ‘படுக்கைக் கறை மற்றும் சிகரெட் வாடை, சிறப்புத் துப்புரவு’ என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் புகைப்பழக்கம் இல்லை. வந்த அன்று பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அதைப் படிக்கவில்லை. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எடுக்கப்பட்டது ஒரே தொகையாக இருந்தாலும், அதற்குள் இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள் இருக்கின்றன. மருந்துக் கறை உங்கள் தரப்பில் நேர்ந்தது. அதை நீங்களே சொல்கிறீர்கள். சிகரெட் வாடை உங்களால் வந்தது என்பது விடுதியின் குற்றச்சாட்டு. அதை நீங்கள் மறுக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தெழுதுவது விடுதிக்குத்தான் வசதி, ஏனெனில் ஒன்றை ஒப்புக்கொண்டவுடன் மொத்தத்தையும் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். எனவே முதலில் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். கோபத்தில் கறையே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். விரிப்பின் புகைப்படம் அவர்களிடம் இருந்தால், சிகரெட் விஷயத்தில் நீங்கள் சொல்லும் உண்மையும் அதோடு சேர்ந்து எடுபடாமல் போகும்.

புகைத்தார்கள் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். பணம் ஏற்கெனவே அவர்கள் கைக்குப் போய்விட்டது என்பதால் இந்தச் சுமை உங்கள் தலைக்கு மாறிவிடாது. வாடையைப் புகைப்படம் எடுக்க முடியாது. ஆகையால் அவர்கள் காட்டக்கூடியவை சாம்பல், துண்டுச் சிகரெட், எரிந்த தடம் போன்றவற்றின் படங்கள், அறையைத் துப்புரவு செய்த ஊழியர் அன்றே எழுதிய குறிப்பு, புகை உணர்கருவியின் பதிவு ஆகியவைதாம். இவற்றில் எதுவுமே மறுக்க முடியாத சான்று அல்ல. குளியலறை நீராவியும் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும்கூட உணர்கருவியை ஒலிக்க வைக்கும். சிகரெட் வாடை திரைச்சீலையிலும் தரைவிரிப்பிலும் ஊறிப்போய், புகைத்தவர் போன பின்னும் நாட்கணக்கில் தங்கும். பக்கத்து அறையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வரும். முந்தைய விருந்தினர் காலி செய்தபோது அந்த அறை எந்த நிலையில் இருந்தது என்ற குறிப்பு இல்லாமல், வாடை உங்கள் காலத்தில்தான் வந்தது என்று விடுதியால் உறுதியாகச் சொல்ல இயலாது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். நீங்கள் தங்கிய நாட்களில் படுக்கை விரிக்கவும் துண்டு மாற்றவும் ஊழியர்கள் அறைக்குள் வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட வாடை இருப்பதாகக் குறித்து வைக்கவில்லை என்றால், அது உங்களுக்கு நல்ல வாதம். அதைவிட வலுவானது அறையின் பயன்பாட்டுப் பதிவு. எந்த அறை விற்பனைக்குத் தயார், எது பழுது காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலான விடுதிகள் கணினியில் நாள்வாரியாகப் பதிந்து வைக்கின்றன. நீங்கள் கிளம்பிய அன்று மாலையே அதே அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், ‘சிறப்புத் துப்புரவு’ என்ற கதை அங்கேயே ஆட்டம் காணும். இந்தப் பதிவைக் கேட்டால், பல விடுதிகள் பதில் அனுப்புவதைவிடப் பணத்தைத் திருப்பிவிடுவதையே விரும்பும்.

அடுத்தது ஒப்பந்தம். ‘படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்’ என்பது நீதிமன்றத்தில் பெரும்பாலும் உதவாது. கையொப்பமிட்டவர், ஏமாற்றப்பட்டிருந்தாலொழிய, படிக்காவிட்டாலும் ஆவணத்துக்குக் கட்டுப்பட்டவரே என்ற விதி, இங்கிலாந்தில் 1934-ஆம் ஆண்டின் லெஸ்ட்ரேஞ்ச் எதிர் கிரௌகோப் வழக்கிலிருந்து ஆங்கிலச் சட்ட மரபுள்ள நாடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. கையெழுத்தில்லாமல் வெறுமனே ஒட்டப்பட்ட அறிவிப்பின் கதை வேறு. 1949-இல் ஓலி எதிர் மார்ல்பரோ கோர்ட் என்ற வழக்கில், வழக்கை எதிர்கொண்ட விடுதி, படுக்கையறையில் மாட்டியிருந்த, தனக்குப் பொறுப்பில்லை என்ற அறிவிப்பைக் காட்டியது. ஒப்பந்தம் வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டது, அதன் பிறகு அறைக்குள் கண்ணில் பட்ட அறிவிப்பு அந்த ஒப்பந்தத்தின் பகுதியாகாது என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கட்டண விதி எங்கே எழுதப்பட்டிருந்தது என்று முதலில் பாருங்கள். முன்பதிவின்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளிலா, கையெழுத்திட்ட படிவத்திலா, அறைக்கதவின் பின்புறம் ஒட்டிய தாளிலா? கடைசி இடத்தில் மட்டும் இருந்தால் விடுதியின் நிலை பலவீனமானது. முன்பதிவின்போதே முழு வாடகையும் செலுத்தியிருந்தால், பிறகு நீட்டப்பட்ட படிவம் புதிய சுமைகளை ஏற்ற முடியுமா என்றும் கேட்கலாம். ஆனால் அந்த வாதம் மட்டும் உங்களைக் கரைசேர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

படிவத்தில் விதி இருந்தாலும்கூட அது என்ன சொல்கிறது? ‘அறையில் புகைத்தால் இன்ன தொகை’ என்றுதான் சொல்லும். புகைத்தால் என்ற நிபந்தனை நிரூபிக்கப்படாதவரை தொகை பற்றிய பேச்சே எழாது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. கையெழுத்தைக் காட்டியவுடன் பின்வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் ஒப்புக்கொண்டது விதியை மட்டுமே, குற்றச்சாட்டை அல்ல.

தொகையின் அளவையும் எதிர்க்கலாம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். பொதுவாக, விடுதி இருக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இழப்பே இல்லாத இடத்தில் இப்பிரிவின் கீழ் இழப்பீடு இல்லை என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் தெளிவாக்கியது. இந்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று வகைப்படுத்துகிறது. நுகர்வோர் ஒப்பந்தங்களில் உள்ள நியாயமற்ற விதிகள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 1993-ஆம் ஆண்டு ஆணையும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. இங்கிலாந்தில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. அங்கு 2015-இல் பார்க்கிங்ஐ என்ற வாகன நிறுத்துமிட நிறுவனத்தின் வழக்கில், இழப்பைவிடக் கூடுதலான நிலையான கட்டணம்கூட, நியாயமான வணிக நலனைக் காப்பதாகவும் அளவுக்கு மீறாததாகவும் இருந்தால் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இனி கறைக்கு வருவோம். விரிப்பைத் துவைப்பது ஒவ்வொரு விருந்தினருக்கும் பின்னால் நடக்கும் வேலை. அதன் செலவு வாடகையிலேயே அடங்கியது. வழக்கமான சலவையில் போகாத கறைக்கான கூடுதல் செலவைத்தான் உங்களிடம் கேட்க முடியும். விரிப்பு வீணாகிவிட்டது என்றால், பல மாதங்கள் பயன்பட்ட விரிப்பின் மீதி மதிப்புதான் இழப்பு. புதியதன் முழு விலை அல்ல. மருந்து மெத்தைவரை இறங்கியிருந்தாலும் இதே கணக்குத்தான். நியாயமான ஒரு தொகையைப் பற்றுச்சீட்டுடன் கேட்டால், கொடுத்துவிடுங்கள்.

விடுதிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசியதன் சுருக்கத்தை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: ‘படுக்கை விரிப்பில் மருந்து சிந்தியதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கான உண்மையான கூடுதல் செலவைப் பற்றுச்சீட்டுடன் தெரிவித்தால் பரிசீலிக்கிறேன். அறையில் யாரும் புகைக்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டை முழுமையாக மறுக்கிறேன். தேதி, நேரம் தெரியும் புகைப்படங்கள், ஊழியரின் குறிப்பு, நான் வருவதற்கு முன் அறை இருந்த நிலை, நான் கிளம்பிய நாளிலும் மறுநாளிலும் அறையின் பயன்பாட்டுப் பதிவு, இரண்டு தலைப்புகளுக்கும் தனித்தனியான கணக்கு, நான் ஒப்புக்கொண்டதாகக் கூறும் விதியின் நகல் ஆகியவற்றை 14 நாட்களுக்குள் அனுப்பவும்.’ பாக்கி இல்லை என்ற ரசீதையும் இணையுங்கள். அது எல்லாப் பொறுப்பிலிருந்தும் உங்களை விடுவிக்கும் ஆவணம் அல்ல. ஆனாலும் கணக்கு முடித்தபோது விடுதி எந்தக் குறையும் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி. இணையதளம் வழியாகப் பதிவு செய்திருந்தால் அதன் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். பணத்தைத் தராவிட்டால் மோசமான விமர்சனம் எழுதுவேன் என்று மட்டும் மிரட்ட வேண்டாம். அந்த ஒரு வரியை வைத்தே உங்களை மிரட்டல்காரராகச் சித்திரித்துவிடுவார்கள்.

விடுதி பதில் சொல்லும்வரை வங்கியிடம் போகாமல் இருப்பது தவறு. முதலில், அது உண்மையிலேயே எடுக்கப்பட்ட தொகையா, அல்லது முன்பணமாக நிறுத்தி வைக்கப்பட்டதா என்று பாருங்கள். நிறுத்தி வைத்தது சில நாட்களில் தானே விடுபடும். எடுக்கப்பட்டதுதான் என்றால், நீங்கள் ஒப்புதல் தராத தொகை என்ற அடிப்படையில் சார்ஜ்பேக் முறையீடு, அதாவது எடுத்த தொகையைத் திருப்பித் தரச் சொல்லி உங்கள் வங்கி வழியாகக் கேட்கும் முறையீடு, கொடுங்கள். பெரிய கார்டு நிறுவனங்களின் விதிகளில் பெரும்பாலான முறையீடுகளுக்கு 120 நாட்கள் அவகாசம் உண்டு. ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம். அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தவறான பற்று இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். முறையீட்டிலும் கறையை மறைக்காமல், சிகரெட் பகுதியைத் தனியே குறிப்பிடுங்கள். கார்டை முடக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். முடக்குவது இனி எடுப்பதைத் தடுக்கலாம், ஏற்கெனவே போனதைத் திருப்பாது.

வங்கியும் கைவிட்டால் நுகர்வோர் மன்றம் இருக்கிறது. இந்தியாவில் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மாவட்ட ஆணையத்தில் மனு தரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, காலவரம்பு இரண்டு ஆண்டுகள். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் இரண்டு ஆண்டுகள். மலேசிய நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுகள். விடுதி இடையில் இறங்கிவந்து, சிகரெட் தொகையைத் திருப்பிவிட்டு, கறைக்குப் பற்றுச்சீட்டுடன் நியாயமான தொகையை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னால், ஏற்றுக்கொள்ளுங்கள். இத்துடன் இரு தரப்பு உரிமைகோரலும் முடிந்தது, கார்டில் இனி எதுவும் எடுக்கப்படாது என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்கி, தொகை கணக்கில் ஏறிய பிறகு வங்கி முறையீட்டைத் திரும்பப் பெறுங்கள்.